இல்லாத போர் விமானத்தைச் செய்வது எப்படி? ஜாகுவார் தலையும் மிக்-21 வாலும் ஒட்டும் கதை

திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டினால், புதுக்கோட்டை மாவட்டத்தின் கொடும்பாளூர் வரும். அங்குள்ள மூவர் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி யாளி வரிசை ஒன்று ஓடுகிறது. யாளியை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கும் யாரும் ‘இப்படி ஒரு மிருகமா?’ என்று சிரிப்பதும் இல்லை. காரணம் எளிது. அதன் பல், பிடரி, நகம் எல்லாம் உண்மையான மிருகங்களுடையவை. பிற்கால மண்டபத் தூண்களில் சிங்க உடம்பில் யானைத் துதிக்கையே வந்து சேர்ந்தது. அப்போதும் நம்பும்படிதான் இருக்கிறது.

பிளாஸ்டிக் மாடல் செய்பவர்கள் உலகத்தில் இதே வேலைக்கு ‘கிட்பேஷிங்’ என்று பெயர். இரண்டு மூன்று மாடல் பெட்டிகளை வாங்கி, உள்ளே இருக்கும் பாகங்களை வெட்டி, மாற்றி ஒட்டி, எந்த நாட்டிலும் இல்லாத ஒரு விமானத்தையோ கப்பலையோ உருவாக்குவது. ‘இதென்ன, சின்னப் புள்ளைங்க வெளாட்டு’ என்று தோன்றலாம். ஆனால், இப்படிச் செய்த ஒரு பொம்மை விமானம் அமெரிக்க நாடாளுமன்றத்தையே கேள்வி கேட்க வைத்தது. இல்லாத ஒரு விமானத்தோடு மோதியதாகப் பிரிட்டிஷ் விமானிகள் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். கடந்த ஆண்டு மே மாதம் நம் வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வரை இந்தக் கதை நீள்கிறது.

கிட் என்றால் என்ன?

அட்டைப் பெட்டியைத் திறந்தால், ஜன்னல் கம்பி போன்ற ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, பசை போட்டு, வண்ணம் பூசினால் ஒரு விமானம். ஏர்ஃபிக்ஸ், ரெவெல், ஹாசெகாவா, டமியா என்று பல நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. பெட்டியின் மேல் 1:72, 1:48 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் அளவு விகிதம். 1:72 என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். 1:48-ல் நாலடிக்கு ஓர் அங்குலம். கணக்கு இவ்வளவுதான்.

சினிமாக்காரர்கள்தான் இந்தக் கலையைப் பெரிதாக்கினார்கள். 1965-ல் வெளியான ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடருக்காக டெரெக் மெட்டிங்ஸ் குழுவினர் கடையில் விற்கும் மாடல் கிட்களின் பாகங்களைப் பிய்த்து ஒட்டினார்கள். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்கலங்களின் மேல் தெரியும் குழாய், மூடி, பெட்டி எல்லாம் பெரும்பாலும் டேங்க், கார், விமான கிட்களின் உதிரி பாகங்கள். அந்தக் காலத்தில் இப்போது இருப்பது போன்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லை. கண்ணுக்கு நிறைவாக நுணுக்கம் வேண்டும், அதைக் குறைந்த நாளில் செய்யவும் வேண்டும். பெட்டி வாங்கிப் பிய்ப்பதே வழி.

ஆனால் விண்கலம் செய்வது ஒரு வகையில் சுலபம். அது எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. போர் விமானம் அப்படியல்ல. 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய்-30 படையணி வந்ததிலிருந்து, வானத்தில் சத்தம் கேட்டதுமே ‘சுகோய் போகுது’ என்று சொல்லும் பிள்ளைகள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணை ஏமாற்ற வேண்டுமென்றால், செய்கிறவருக்கு விமானம் எப்படிப் பறக்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

நிஜ விமானங்களிலும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் வேடிக்கையாக. 1941-ல் சீனாவில் தரையில் நின்றிருந்த ஒரு டிசி-3 பயணிகள் விமானத்தின் வலது இறக்கையை ஜப்பானிய குண்டு நாசமாக்கியது. மாற்று இறக்கை இல்லை. ஹாங்காங்கில் கிடைத்தது அதன் அண்ணனான டிசி-2 விமானத்தின் இறக்கை. ஏறக்குறைய ஐந்தடி குட்டை! இன்னொரு விமானத்தின் வயிற்றில் அதைக் கட்டித் தூக்கிவந்து மாட்டினார்கள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டையாக அந்த விமானம் பறந்தே போனது. டிசி-3 உடம்பில் டிசி-2 இறக்கை என்பதால் ‘டிசி-இரண்டரை’ என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

நம் விமானப்படையின் கதை இதைவிடப் பெரியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்கா கடனாகக் கொடுத்திருந்த பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் விட்டுச் சென்றார்கள். சும்மா விட்டுச் செல்லவில்லை, யாரும் மறுபடி பறக்கவிடக் கூடாது என்று உடைத்துப் போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் குப்பையைக் கிளறி, ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் மாட்டி, தட்டுமுட்டுச் சரி செய்து, அங்கிருந்து பெங்களூருக்குப் பறக்கவிட்டார்கள் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார். அங்கே முழுதாகச் சீர் செய்தார்கள். இப்படி மீண்டவை 40-க்கும் மேல். 1948-ல் தொடங்கி 1968 இறுதி வரை அவை இந்திய விமானப்படையில் ஓடின. பிற்பாடு அவற்றில் ஒன்றை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நாம்தான் பரிசாகக் கொடுத்தோம். உடைத்துப் போட்டவர்களுக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி!

இன்னொரு உதாரணம் சீனாவின் ஜேஎல்-9 பயிற்சி விமானம். பின்பாதியைப் பார்த்தால் மிக்-21 குடும்பம் என்று சட்டெனத் தெரியும். முன்பாதி புதிது. மூக்கில் இருந்த காற்றுவாயை எடுத்து இரண்டு பக்கமும் வைத்துவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதை அடுத்து நாமே ஒரு விமானம் செய்து பார்த்தால் புரிந்துவிடும்.

நாமே ஒன்று செய்வோம்

2025 செப்டம்பர் 26-ந் தேதி சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தது இந்திய விமானப்படை. 1963-லிருந்து 62 ஆண்டு சேவை. அந்த விமானத்தை ஓய்வுக்கு அனுப்பாமல், முன்பாதியை மாற்றி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருந்தால்? இதுதான் நம் கற்பனை. ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற கேள்வியோடு தொடங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நல்ல வழி. விமானத்துக்கு ஒரு வேலை கொடுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். நம் விமானத்தின் வேலை, தஞ்சாவூரிலிருந்து கிளம்பிக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரைக்கு அப்பால் பாக் நீரிணையைக் கண்காணிப்பது. பெயர்? ‘யாளி’ன்னு வச்சுக்குவோம்.

கடலைக் கண்காணிக்க நல்ல ரேடார் வேண்டும். இங்கேதான் மிக்-21-ன் முதல் சிக்கல். அதன் மூக்கு முழுக்கக் காற்றுவாய், நடுவில் இருக்கும் சின்னக் கூம்புக்குள்தான் ரேடார். பெரிய ரேடாருக்கு இடமே கிடையாது. உள்ளே போகும் காற்று விமானியின் இருக்கையைச் சுற்றிக்கொண்டு பின்னால் இன்ஜினுக்குப் போகிறது. காற்றுவாயைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டால் மூக்கு காலியாகும், ரேடார் வைக்கலாம். சீனர்கள் செய்ததற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

சரி, யாருடைய மூக்கை ஒட்டுவது? முதலில் மனதுக்கு வருவது ஹாக் பயிற்சி விமானம். அழகான மூக்கு, பக்கவாட்டுக் காற்றுவாய், இந்திய விமானப்படை வண்ணத்திலும் கிட் கிடைக்கும். ஆனால் கணக்குப் போட்டால் உதைக்கும். ஹாக் விமானத்தில் இருப்பது ஒரே ஒரு அடூர் இன்ஜின், அதன் உந்துவிசை மூன்று டன்னுக்கும் குறைவு. மிக்-21 பிஸ் ரகத்தின் ஆர்-25 இன்ஜின் ஆஃப்டர்பர்னரோடு சுமார் ஏழு டன் தள்ளும். இன்ஜின் பெரிதாக ஆக, அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும். ஹாக் காற்றுவாயை மிக்-21 உடம்பில் ஒட்டினால், மூக்கடைப்பு வந்தவன் ஓட்டப்பந்தயம் ஓடுவதைப் போல ஆகிவிடும். பார்ப்பவருக்குக் கணக்கு தெரியாமல் இருக்கலாம், ஆனால் ‘எங்கேயோ இடிக்குதே’ என்று கண் சொல்லிவிடும்.

ஜாகுவார் பொருந்துகிறது. அதில் அதே அடூர் குடும்பத்து இன்ஜின் இரண்டு. இந்திய ஜாகுவாரில் ஆஃப்டர்பர்னரோடு ஒவ்வொன்றும் மூன்றேமுக்கால் டன் அளவுக்குத் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் ஏழரை டன். ஏறக்குறைய மிக்-21 இன்ஜினுக்குச் சமம். ஆக, ஜாகுவாரின் இரு காற்றுவாய்களும் மிக்-21-ன் ஒரே இன்ஜினுக்குத் தேவையான காற்றைக் கொடுக்கும் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. இன்னொரு நல்ல விஷயம், இந்திய விமானப்படையிடம் கடல் தாக்குதலுக்கென மூக்கில் ரேடார் வைத்த ஜாகுவார் ரகமும் உண்டு. அதை ஓட்டியது 6-ஆம் படையணி. கான்பூர் குப்பையிலிருந்து வந்த லிபரேட்டர்களில் கடல் ரோந்து போனதும் அதே 6-ஆம் படையணிதான்!

இப்போது வெட்டு. 1:72 அளவில் மிக்-21 நீளம் சுமார் 20 செ.மீ., இறக்கை முனைக்கு முனை 10 செ.மீ. ஜாகுவார் கொஞ்சம் பெரிசு, இறக்கை 12 செ.மீ. ஜாகுவாரைக் காற்றுவாய்க்குப் பின்னால், இறக்கை தொடங்கும் இடத்துக்கு முன்னால் வெட்ட வேண்டும். மிக்-21-ஐ விமானி அறைக்குப் பின்னால், முக்கோண இறக்கை தொடங்குமிடத்துக்குச் சற்று முன்னால் வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்பு உடம்பைச் சுற்றி செல்லோ டேப்பை நேராக ஒட்டிக்கொண்டு, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஆக்சா பிளேடை இழுத்தால் கோணல் வராது. உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பு வெட்டுவதா, ஒட்டிய பிறகு வெட்டுவதா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. ஒட்டிய பிறகு வெட்டுவதே மேல். தனித்தனியாக வெட்டினால் இரண்டு பாதியும் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும், அந்த ஒரு மில்லிமீட்டர் கடைசி வரை உயிரை வாங்கும்.

நீளத்தையும் கவனியுங்கள். மிக்-21-லிருந்து எவ்வளவு நீளம் எடுத்தோமோ, கிட்டத்தட்ட அதே அளவு ஜாகுவார் தலையைத்தான் சேர்க்க வேண்டும். தலை ரொம்ப நீண்டால் எடை எல்லாம் முன்னால் போய்விடும். இறக்கை தூக்கும் இடமும் எடை விழும் இடமும் அருகருகே இருந்தால்தான் விமானம் சமநிலையில் பறக்கும். தராசில் ஒரு தட்டு மட்டும் இறங்குவதைப் போல முன்பாரம் ஆன விமானத்தைக் காகிதத்தில் பார்த்தாலே தெரியும்.

அடுத்து ஒட்டு. இங்கேதான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். மிக்-21 உடம்பு குழாய் மாதிரி உருண்டை. ஜாகுவார் பெட்டி மாதிரி சதுரம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் மூலைகள் வெளியே துருத்தும். நம் பக்கத்தில் புரவி எடுப்புக்காக வேளார்கள் மண் குதிரை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கால்களைத் தனியாகச் செய்து நிறுத்தி, மேலே உடம்பை எழுப்புவார்கள். உருளையான கால் அகலமான உடம்போடு சேரும் இடத்தில் மண்ணைப் பூசித் தேய்த்துத் தேய்த்து, எங்கே கால் முடிந்தது, எங்கே உடம்பு தொடங்கியது என்று தெரியாமல் ஆக்கிவிடுவார்கள். இதுவும் அதே வேலை. முதலில் மிக்-21 குழாயின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் வில்லையை ஒட்டி அடைத்துவிட வேண்டும். ஜாகுவார் பக்கமும் அப்படியே. இரண்டு வில்லைகளையும் இணைத்தால் ஒட்டு உறுதியாக நிற்கும். பிறகு சதுர மூலைகளிலிருந்து உருண்டைக்கு இறங்கும்படி மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி, மேலே பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். மூன்று நாள் ஆகலாம். அவசரப்பட்டால் வண்ணம் பூசிய பிறகு ஒட்டு ஒரு கோடாகத் தெரியும்.

சக்கரக் கால்களில் இன்னொரு வில்லங்கம். கரடுமுரடான தரையிலும் இறங்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது ஜாகுவார். அதனால் கால்கள் உயரம். மிக்-21 தாழ்வாக நிற்கும். ஜாகுவார் முன்காலையும் மிக்-21 பின்கால்களையும் அப்படியே வைத்தால், நம்ம யாளி மூக்கைத் தூக்கிக்கொண்டு குந்தியிருக்கும். முன்காலைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்குங்கள். அதோடு, மூக்குக்குள் எடை வைக்க மறந்துவிட்டால் வால் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டு இரண்டு மூன்று போதும், கடலோர ஊர்களில் எங்கும் கிடைக்கும். ஈயத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்கார வேண்டாம்.

பொருளுக்கு எங்கே போவது?

கிட் தவிர மற்றதெல்லாம் ஊரிலேயே கிடைக்கும். மாடல் கடைகளில் விற்கும் வெளிநாட்டுப் பட்டிக்குப் பதில், பெரிய இடைவெளிக்கு எம்-சீல் போதும். சின்னக் கீறலுக்கு கார் பெயின்ட் அடிப்பவர்கள் பூசும் பட்டி நல்லா வரும். காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டினால் அருமையான பிளாஸ்டிக் பட்டை. தீர்ந்துபோன ரீஃபில் குழாய், காது குடையும் பஞ்சுக் குச்சியின் தண்டு, இவையெல்லாம் எரிபொருள் குழாயாகவும் ஆயுதத் தாங்கியாகவும் மாறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. கிட் செய்யப்படுவது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில். கிட்டுக்கான பசை அதை லேசாகக் கரைத்து, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உருக்கிவிடும். சாப்பாட்டு டப்பா, பாட்டில் மூடி போன்றவை பெரும்பாலும் வேறு ரகம், அவற்றில் இந்தப் பசை பிடிக்காது. ஏடிஎம் கார்டுக்கு ஃபெவிக்விக்தான். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். பசையின் நெடி ஆபத்தானது, ஜன்னலைத் திறந்து வைக்காமல் உட்காராதீர்கள்.

வண்ணத்துக்கு முன் சாம்பல் நிறப் பிரைமர் அவசியம். பைக் பெயின்ட் கடையில் போய்க் கேட்டால் பேச்சு இப்படிப் போகலாம்.

“என்ன வண்டிக்குத் தம்பி?”

“வண்டிக்கு இல்லண்ணே, ப்ளேனுக்கு.”

“எவ்ளோ பெரிய ப்ளேனு?”

“ஒரு சாண்தாண்ணே.”

சிரிப்பார். ஆனால் சரியான டப்பாவை எடுத்துக் கொடுப்பார். மே மாத மத்தியானத்தில் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் பாதி வழியிலேயே காய்ந்து, பொடிப் பொடியாக வந்து ஒட்டும். மழைக்காலத்து ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அதிகாலையில், காற்று அசையாத நேரத்தில் அடிப்பதே உத்தமம்.

பிரைமர் ஒரு மாயம் செய்யும். அதுவரை பச்சைத் தலை, வெள்ளை வால், மஞ்சள் பட்டி என்று கந்தலாகக் கிடந்தது, ஒரே சாம்பல் நிறமானதும் திடீரென்று ஒரு விமானமாகிவிடும். மறைக்க நினைத்த தப்புகளும் அப்போதுதான் தெரியும் என்பது வேறு விஷயம்.

பொம்மை நாடாளுமன்றத்துக்குப் போன கதை

1986-ல் அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம் ‘எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்’ என்ற கிட்டை விற்பனைக்கு விட்டது. வடிவமைத்தவர் ஜான் ஆண்ட்ரூஸ். ரேடாருக்குத் தெரியாத ரகசிய விமானம் ஒன்றை அமெரிக்கா வைத்திருக்கிறது என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. அரசு வாயைத் திறக்கவில்லை. அமெரிக்கப் போர் விமானங்களின் வரிசை எண்ணில் 18-க்குப் பிறகு 20 வந்துவிட்டது, 19 எங்கே போனது என்று ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூஸ் அந்த இடைவெளியில் தன் கற்பனையை வைத்தார். ரேடார் அலையைச் சிதறடிக்க உடம்பு வழவழவென வளைந்திருக்க வேண்டும், வால் துடுப்புகள் உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று வெளியே தெரிந்த அறிவியலை வைத்தே ஊகித்தார்.

கிட் லட்சக்கணக்கில் விற்றது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கோபம் வந்தது. எங்களுக்கே காட்டாத ரகசியம் பொம்மைக் கடையில் விற்கிறதே என்று கேள்வி எழுப்பினார்கள். 1988 நவம்பரில் பென்டகன் முதல் முறையாக உண்மை விமானத்தின் மங்கலான படத்தை வெளியிட்டது. அது எஃப்-19 அல்ல, எஃப்-117. வழவழப்பும் இல்லை, வளைவும் இல்லை. வெட்டிய வைரம் மாதிரி தட்டைத் தட்டையான முகங்கள். பொம்மைக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதில் வேடிக்கை, ஆண்ட்ரூஸின் நிறுவனம் அடுத்து ‘மிக்-37’ என்று கற்பனையான ரஷ்ய விமானம் ஒன்றையும் விட்டிருந்தது. தட்டை முகங்களோடு இருந்த அதுதான் எஃப்-117-க்குக் கிட்டே வந்தது!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த நிஜ எஃப்-117-ம் ஒரு வகையில் ஒட்டுப்போட்ட விமானமே. செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்த, வேறு விமானங்களின் பாகங்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பறக்கும்போது கட்டுப்படுத்தும் மின்னணு முறை எஃப்-16-லிருந்து வந்தது. இன்ஜின், எஃப்/ஏ-18-ல் இருக்கும் எஃப்404 குடும்பம். நம் தேஜஸ் மார்க்-1 பறப்பதும் அதே குடும்பத்து இன்ஜினில்தான்.

இல்லாததோடு சண்டை போட்டவர்கள்

டெஸ்டர்ஸ் கதையில் யாருக்கும் சேதமில்லை. 1940-ல் ஜெர்மனி செய்தது வேறு. ஹெய்ன்கெல் நிறுவனத்தின் ஹெச்இ-100 என்ற போர் விமானம் பெரிய அளவில் தயாரிப்புக்கே போகவில்லை. இருந்த சிலவற்றுக்கு வெவ்வேறு படையணிகளின் சின்னங்களை மாற்றி மாற்றிப் பூசி, படம் எடுத்து, ‘ஹெச்இ-113’ என்ற புது விமானம் போருக்கு வந்துவிட்டதாகப் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பு நம்பியது. விமானங்களை அடையாளம் காணும் கையேடுகளில் அது இடம்பிடித்தது. வானத்தில் ஹெச்இ-113-ஐச் சந்தித்ததாக விமானிகள் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் மெஸ்ஸர்ஷ்மிட் 109. பொய் சொன்னவர்கள் அல்ல அந்த விமானிகள். முன்பே மனதில் பதிந்த ஒரு படம், மேகத்துக்குள் நொடிப் பொழுதில் கடந்துபோன ஒரு நிழலை அப்படிக் காட்டிவிட்டது.

தலைகீழ் உதாரணமும் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் ஈரான் ‘காஹெர்-313’ என்ற ரேடாரில் சிக்காத போர் விமானத்தை அறிமுகப்படுத்தியது. படங்கள் வந்த சில மணி நேரத்திலேயே பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள். விமானி உட்கார்ந்தால் முழுதாகக் கொள்ளுமா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சின்ன அறை. காற்றுவாய் இன்ஜினுக்குப் போதாத அளவுக்குக் குறுகல். மூக்கில் சொல்லிக்கொள்ளும்படி ரேடார் வைக்க இடமில்லை. ஜாகுவார் தலையை மிக்-21-ல் ஒட்டும்போது நாம் கேட்ட அதே கேள்விகள்!

மாடல் செய்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை இங்கிருந்து வருகிறது. ஒரு விமானத்தை வெட்டி ஒட்டிப் பழகிய பதினைந்து வயதுப் பிள்ளை, அடுத்து ஒரு படத்தைப் பார்க்கும்போது ‘காத்து எங்கேருந்து வருது? சக்கரம் எங்கே மடங்கும்? இந்த இறக்கை இந்த எடையைத் தூக்குமா?’ என்று தானாகவே கேட்கும். பாடப் புத்தகத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம்.

2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் மோதலின்போது நம் போன்களுக்கு வந்து குவிந்ததை நினைத்துப் பாருங்கள். வீடியோ கேம் காட்சியைப் போர்க்களக் காட்சி என்று பரப்பினார்கள். 2021-ல் பஞ்சாபின் மோகா அருகே விழுந்த மிக்-21 விமானத்தின் படத்தை எடுத்து, இப்போது சுட்டு வீழ்த்தப்பட்டது என்றார்கள். மத்திய அரசின் பிஐபி உண்மை கண்டறியும் பிரிவு ஒவ்வொன்றாக மறுப்பு சொல்ல வேண்டியிருந்தது. மறுப்பு வருவதற்குள் குடும்பக் குழுவில் பத்துப் பேர் அனுப்பி முடித்திருப்பார்கள். ராணுவத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் படம் போய்ச் சேர்ந்தால் அந்த இரவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் போர் விமானப் படம் வரைந்து தருகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் இறக்கைக்கு அடியில் தொங்கும் ஏவுகணை எதிலும் மாட்டப்படாமல் காற்றில் நிற்கும். வலது பக்கம் இரண்டு சக்கரம், இடது பக்கம் ஒன்று இருக்கும். வாலில் இருக்கும் எண் எந்த மொழியும் இல்லாத கிறுக்கலாக இருக்கும். இந்தக் குறைகள் நாளைக்குக் குறையலாம். காற்று, எடை, இடம் என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் வயதாகாது.

செய்தவர் செய்ய வேண்டிய கடைசி வேலை

யாளிக்குச் சாம்பலும் நீலமும் கலந்த கடல் வண்ணம் பூசியாகிவிட்டது. மூவண்ண வட்டச் சின்னத்தைத் தண்ணீரில் ஊற வைத்து இறக்கையில் இறக்கியாகிவிட்டது. வால் எண் எழுதும்போது, நிஜத்தில் இருக்கும் விமானத்தின் எண்ணை எடுக்காதீர்கள். படையணிச் சின்னத்தையும் நீங்களே வரையுங்கள். நிஜப் படையணியின் சின்னத்தைப் போட்டால் மாடல் அழகாகத் தெரியும், ஆனால் படம் வெளியே போனால் யாரோ ஒருவர் அதை வேறு விதமாகப் பயன்படுத்துவார்.

படம் எடுக்கும்போது தரை மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, பின்னால் வானம் தெரியும்படி எடுத்தால் பிரமிக்கும்படி வரும். அதையும் எடுங்கள். பகிர்வதற்கு, விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ ஐந்து ரூபாய் நாணயமோ வைத்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது அந்தப் படம் முதலில் போகட்டும். ‘ஜாகுவார், மிக்-21 கிட்களிலிருந்து செய்த கற்பனை விமானம், 1:72’ என்று படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். கீழே தனியாக எழுதினால் அடுத்தவர் அனுப்பும்போது அது விடுபட்டுவிடும். விமானத்தின் அடிவயிற்றிலும் செய்த தேதியோடு அதே வரியை மெல்லிய பேனாவால் எழுதி, மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள், அழியாது.